இடி டிரஸரும் ஒரு பாய்மரப் படகும்

ஜொகூர் நீரிணையில் அந்த நாளில் மிதந்த பொருள் எதையும் எங்கள் தோட்டத்து டிரஸர் இடிக்காமல் விட்டதில்லை. சம்பான், மீன் தோணி, கரி ஏற்றி வரும் தொங்காங், அடித்துக்கொண்டு வந்த தென்னை மரம், ஒரு தடவை வெயிலுக்குத் தண்ணீரில் படுத்துக் கிடந்த எருமை எல்லாமே அவர் படகிடம் வாங்கியவைதான். பெரிய கப்பல்கள் மட்டும் தப்பித்துக்கொண்டன. அவை ஆழத்தில் நின்றன. டிரஸருக்கோ இடுக்கில்தான் வீரம்.

டிரஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்டுகிறவர், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிறவர். பெரிய டாக்டர் எப்போதாவது வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, துரை பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் இவர்தான் எங்களுக்குத் தன்வந்திரி. யாழ்ப்பாணத்துக்காரர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். யாரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தோட்டத்து ஜனங்களுக்கு அவர் இடி டிரஸர். ஜொகூர் பாரு படகுத்துறை மலாய்க்காரர்களுக்கு 'துக்காங் லங்கார்', அதாவது மோதுவதையே தொழிலாகக் கொண்ட மேஸ்திரி.

படகு அவருடையதல்ல, துரையுடையது. துரை உல்லாசமாகப் போய்வரச் சீனத் தச்சனை வைத்துக் கட்டிய சின்னப் பாய்மரப் படகு. முதல் சவாரியிலேயே வயிற்றில் இருந்ததையெல்லாம் நீரிணைக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு, "தோட்டத்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று கரையேறிவிட்டார். எங்கள் தோட்டம் பாசிர் கூடாங் கிராமத்துக்கு இந்தப் பக்கம், ஓர் உப்பாற்றங்கரையில் இருந்தது. மழை பெய்தால் செம்மண் பாதையில் மாட்டுவண்டி அச்சுவரை இறங்கிவிடும். ஆகவே அரிசி, கருவாடு, தபால், மருந்து எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு நாள் படகில் ஜொகூர் பாரு போக வேண்டும். மருந்துப் பெட்டிக்கு டிரஸர், அரிசி மூட்டைக்குச் சின்ன கிராணி. கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா; அந்தச் சின்ன கிராணி அடியேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன் பினாங்கில் இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, பயம் வந்தால் பதினாறாம் வாய்பாடு சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பிரம்புக்கு முன்னால் பிடித்த வியாதி. கடல் தாண்டியும் கூடவே வந்துவிட்டது.

டிரஸர் படகோட்டும் அழகைச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டு, மடித்துக் கட்டிய வேட்டி, தலைக்கு மேல் விரித்த கறுப்புக் குடை. சுக்கான் கம்பைக் கையால் தொட மாட்டார். கால் பெருவிரல் இடுக்கில் பிடித்துக்கொள்வார். பாய்க் கயிற்றை இரண்டு விரலால் தொட்டு, கண்ணை மூடி, "நாடி நல்லாயிருக்கு ஐசே. காத்துக்குக் கொஞ்சம் வாய்வு, வேற ஒண்டும் இல்லை" என்பார். யாரைக் கூப்பிட்டாலும் அவருக்கு 'ஐசே'தான்.

"துறைக்கிட்ட வந்துட்டோம் ஐயா. பாயை இறக்கிட்டுத் துடுப்புப் போட்டா என்ன?" என்று நான் பவ்யமாகக் கேட்பேன்.

"என்ன ஐசே கதைக்கிறீர்? எங்கட ஊரில பிள்ளையள் நடக்க முன்னம் பாய் விரிக்குங்கள். துடுப்புப் பிடிக்கிறது காத்து இல்லாத ஊர்க்காரன்ர வேலை!"

துறையோ சந்தைக்குப் பின்னால், ஒரு வாய்க்கால் கடலோடு சேரும் இடத்தில் இருந்தது. வாய் குறுகல், இரண்டு பக்கமும் நிபோங் பனையில் நட்ட கம்பங்கள். உள்ளே, கல்யாண வீட்டு வாசலில் செருப்புக் கிடப்பதுபோல் படகுகள் கிடக்கும். ஒன்றின்மேல் ஒன்று, எது யாருடையது என்று தெரியாமல். அந்தச் செருப்புக் குவியலுக்குள் டிரஸர் பாயை விரித்துக்கொண்டு, குடையையும் விரித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போல நுழைவார்.

படகின் முனையில் எனக்கு ஓர் உத்தியோகம் உண்டு. தேங்காய் மட்டை அடைத்த சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே மோதப் போகிறதோ அங்கே குறுக்கே வைக்க வேண்டும். எங்கே மோதும் என்பது தெரிந்தால் அல்லவா வைக்கலாம்? பல வாரம் சாக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இடி என் பக்கம்.

"ஐயா, இடிச்சிடும் ஐயா! ஓர் பதினாறு பதினாறு! ஐயா, அந்தச் சம்பான்! ஈர் பதினாறு முப்பத்திரண்டு!"

"நான் எப்ப ஐசே மோதினனான்? அவன்தான் குறுக்க நிக்கிறான்."

டொம்!

"அலமாக்!" என்று பாக் மாட் தலையில் கை வைப்பார்.

பாக் மாட் மீன் விற்கும் மலாய்க்காரர். முன்கோபி, ரோஷக்காரர். முழங்காலுக்குக் கீழே ஆறாத புண் ஒன்று அவருக்கு இருந்தது. நாங்கள் போகும் வாரமெல்லாம் தவறாமல் இடி வாங்கிய சம்பான் அவருடையதுதான். இடி விழுந்ததும் டிரஸர் குடையைச் சுருக்குவார், மருந்துப் பெட்டியைத் திறப்பார், யாழ்ப்பாணத்து மலாயில் அதட்டுவார். அந்த மலாயை எழுதினால் பத்திரிகை தாங்காது, தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"காயம் பட்டிருக்கும். காலைக் காட்டும். நாக்கை நீட்டும்!"

எந்த வியாதியானாலும் அவருக்கு முதலில் நாக்கைப் பார்த்தாக வேண்டும்.

இந்த வைத்தியத்துக்குத் துரையின் அனுமதி இருந்தது. அதுவும் ஒரு கதை. தோட்டத்து மருந்து தோட்டத்து ஆளுக்கு மட்டும், வெளியாளுக்கு ஒரு குளிகை போனாலும் டிரஸர் வீட்டுக்குப் போகலாம் என்று துரை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்புறம் ஒரு நாள் எங்கள் படகு நிஜமாகவே யாரையோ உரசி, முழங்கையில் ரத்தம் வந்துவிட்டது. புகார் வந்துவிடுமோ என்று பயந்த துரை, "படகு மோதிய விஷயம் என்றால் மட்டும் மருந்து போடும்" என்று ஒரு வழி விட்டார். டிரஸர் அந்த வாக்கியத்தை மந்திரோபதேசம்போல வாங்கிக்கொண்டார். மோதல் தொழில் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான்.

துறையில் யாரும் எங்கள்மேல் பெரிதாகக் கோபிக்காததுதான் எனக்கு ஆச்சரியம். காய்ச்சல்காரனின் தோணி எப்படியோ எங்கள் வழியில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். வயிற்று வலிக்காரன் கயிற்றைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பான். நோய் வந்தவனுக்கே இடியும் வருகிறதே, பாவம், கெட்ட நேரம் என்று நான் பரிதாபப்படுவேன். ஒரு நாள் கரித் தொங்காங்கில் இருந்த சீனத்து அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"போன வாரம் ஏன் என் படகை இடிக்கலை? எங்க வீட்டுக்காரருக்கு இருமல் கூடிப்போச்சு!"

சீனர்களிடம் அப்படி ஏதோ ஒரு நம்பிக்கை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் மூளை அந்த நாளில் அவ்வளவு கூர்மை.

இப்படிச் சுகமாக இடித்துக்கொண்டிருந்த காலத்தில், துறையைப் பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்கார அதிகாரி புதிதாக வந்து சேர்ந்தார். ஒடிசல் மனிதர், முகம் எலுமிச்சம்பழ நிறம், எப்போதும் வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி இருப்பார். அவருடைய மோட்டார் படகுக்கு அன்று காலைதான் வர்ணம் பூசியிருந்தார்கள். நாங்கள் அதன் விலாவில் போய் விழுந்தோம்.

அதிகாரி பாய்ந்து வந்தார். வாயைத் திறந்தார். அவர் திட்ட ஆரம்பிப்பதற்குள் டிரஸர் இங்கிலீஷில், "நாக்கை நீட்டுங்கோ" என்றார்.

ராஜாவானாலும் அந்தக் குரலுக்கு நாக்கு தானாக வெளியே வந்துவிடும். அதிகாரிக்கும் வந்தது. துறை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"பித்தம்," என்றார் டிரஸர். "காலமை வெறும் வயித்தில இந்த உப்பைக் குடியுங்கோ. சாயந்தரம் விஸ்கி வேண்டாம்."

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் அதிகாரிக்குத் தாம் அதிகாரி என்பது நினைவு வந்தது. அங்கேயே தீர்ப்பு விழுந்தது. அடுத்த வாரம் அவர் கண் முன்னால் இந்தப் படகு ஒருவரையும் தொடாமல் உள்ளே வந்து கட்ட வேண்டும். உரசினாலும் போயிற்று, பிறகு இந்தத் துறைக்குள் எங்களுக்கு இடமில்லை. உப்புப் பொட்டலத்தை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் டிரஸர் குடையை விரிக்கவில்லை. அப்படி அவரை நான் பார்த்ததே கிடையாது.

"படகு போனா மாட்டுவண்டி இருக்கு ஐயா. நமக்கென்ன?" என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பரம சந்தோஷம். மாட்டுவண்டி மூழ்காது.

"எங்களுக்கென்னவோ? பாக் மாட்டின்ர கால் என்ன ஆகும் ஐசே? இப்பதான் சதை மூடி வருது. கட்டுறதை இடையில விட்டால் காலை எடுக்க வேண்டி வரும்."

"பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்களேன்."

"போறானே? அங்க போனா வெட்டிப்போடுவினம் எண்டு பயம். என்னட்டயும் சும்மா வாங்கமாட்டான். பிச்சை மருந்து வேண்டாமாம். இடிச்சதுக்கு ஈடு எண்டால் மட்டும் காலை நீட்டுவான்."

அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. படகின் அடியில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பதிலேயே என் புத்தி முழுவதும் இருந்தது.

சோதனை நாள் வந்தது. சந்தையே துறையில் நின்றது. மீன்காரர்கள், அன்னாசிப்பழத் தோணிக்காரர்கள், கரிச் சீனர்கள், எங்கள் ஊர் மாட்டுக்காரர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. படகுக்காரர்கள் எல்லோரும் தங்கள் படகுகளை ஓரமாக இழுத்துக் கட்டி, நடுவே யானை படுத்துப் புரளும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அதிகாரி அதைப் பார்த்தார். "சந்தை நாளில் எப்படியோ அப்படியே போடுங்கள்" என்றார். படகுகள் முணுமுணுத்துக்கொண்டு பழையபடி செருப்புக் குவியல் ஆயின. கரித் தொங்காங்குக்கும் அதிகாரியின் மோட்டார் படகுக்கும் நடுவே மிஞ்சிய சந்தில்தான் நாங்கள் கட்ட வேண்டும். நம் படகை அளந்து வெட்டிய மாதிரி இருந்தது அந்தச் சந்து.

காற்று எங்கள் முதுகில் இருந்தது. எதிர்காற்றென்றால் படகு தானே நின்றுவிடும். முதுகுக் காற்று நிற்க விடாது, தள்ளிக்கொண்டே போகும். ஆகவே வாய்க்கு வெளியிலேயே பாயை இறக்கிவிட்டு, ஓடிவந்த வேகத்திலேயே உள்ளே வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது டிரஸரின் திட்டம். என் வேலை ஒன்றே ஒன்று. அவர் சொன்னதும் பாய்மரத்தில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

"இறக்கும் ஐசே!"

அவிழ்த்தேன். அவிழவில்லை.

காரணம் நான்தான். காலையில் கிளம்பும்போது, பாய் நடுக்கடலில் விழுந்து தொலைக்கப் போகிறதே என்ற பயத்தில், கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தாள் கட்டுகளுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவைத்திருந்தேன். எங்கள் ஸ்டோரில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முடிச்சு அது. சிங்கப்பூர் போய்ச் சீமைக்குப் போகும் வரைக்கும் அவிழாது. அதைக் கத்தியால்தான் வெட்டுவார்கள். கத்தி ஸ்டோரில் இருந்தது.

"இறக்கும் எண்டு சொன்னனான்!"

"முடிச்சு ஐயா! ஓர் பதினாறு பதினாறு! கித்தா முடிச்சு ஐயா! ஈர் பதினாறு முப்பத்திரண்டு!"

முழுப் பாயும் புடைத்துக்கொண்டு நிற்க, நிபோங் கம்பங்களுக்கு நடுவே நாங்கள் குதிரைப் பந்தயம்போல் உள்ளே பாய்ந்தோம். கரையில் ஜனங்கள் கத்தினார்கள். அதிகாரி தம் படகின் புது வர்ணத்தை இரண்டு கையாலும் மறைக்கப் பார்த்தார். நான் மட்டைச் சாக்கைக் கட்டிக்கொண்டு வாய்பாட்டில் இதுவரை மனிதன் போகாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். டிரஸர் குடையைச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தார். காலைச் சுக்கானிலிருந்து எடுத்துவிட்டு, முதல் முறையாகக் கையால் பிடித்தார்.

"குனியும்," என்றார். ரொம்ப சாந்தமாக.

குனிந்தேன். பாயின் அடிக்கம்பு என் தலைமுடியைச் சீவிக்கொண்டு போயிற்று. படகு அன்னாசித் தோணியின் மூக்கை ஒட்டி வளைந்தது. பாக் மாட்டின் சம்பான் வழக்கப்படி வழியில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் உட்கார்ந்திருந்த காக்கைகூடப் பறக்கவில்லை, அப்படி ஒதுங்கிப் போயிற்று. தொங்காங்கின் வாலைச் சுற்றி ஒரு வட்டம். வந்த திசையையே பார்த்துத் திரும்பினோம். காற்று முகத்தில் அடித்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு செத்தது. படகு ஓர் இலை வந்து ஒதுங்குவதுபோல் அந்தச் சந்துக்குள் வந்து நின்றது. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். சாக்கு நனையவில்லை. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

டொம் இல்லை. அப்புறம் கரித் தொங்காங்கிலிருந்து சீனத்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"ஐயோ, மோதலையே!"

நான் அங்கேயே, ஈர உடம்போடு, டிரஸரை ஏறிட்டுப் பார்த்தேன். பாயை இறக்காமல், இந்த இடுக்கில், முனையில் ஒரு முட்டாளையும் வைத்துக்கொண்டு இப்படி வந்து நிறுத்துகிறவர், இத்தனை நாள் வாரம் தவறாமல் ஒரே சம்பானை எப்படி இடித்தார்? காய்ச்சல்காரனைத் தேடிப் போய் எப்படி இடித்தார்? என் மண்டைக்குள் விளக்கெரிந்தது. டிரஸர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இவ்வளவு தெரிந்தவர், இத்தனை நாளும் ஏன் ஐயா எல்லோரையும் இடித்தீர்?" என்று அதிகாரியும் கேட்டார்.

"காத்து சேர், காத்து. ஒவ்வொரு நாளுக்கு ஒவ்வொரு குணம்."

அதிகாரி நம்பவில்லை. அனுமதி உண்டு, ஆனால் இனி இந்தப் படகு போய் யாரையாவது தொட்டது தெரிந்தால் அன்றோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஜனங்கள் கைதட்டினார்கள். பாக் மாட் தட்டவில்லை. கட்டுப் போட்ட காலைச் சம்பானுக்குள் இழுத்துக்கொண்டார்.

மறு வாரம் போனோம். ஒருவரையும் தொடாமல், சாமி புறப்பாடு மாதிரி, உள்ளே வந்து கட்டினோம். டிரஸர் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திறக்கவில்லை. அரிசி மூட்டை ஏற்றப் போகாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"சோதனையிலே தோத்திருக்கலாம் ஐயா," என்றேன்.

"தோத்திருந்தாலும் வரேலாது. வெண்டாலும் மருந்து தரேலாது," என்றார். "நல்ல வித்தை காட்டினன் போம்."

அப்போது படகு லேசாக ஆடியது. டொம்.

திரும்பினோம். பாக் மாட்டின் சம்பான். துடுப்பு அவர் கையில் இருந்தது. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "மன்னிக்கணும் துவான். கை தவறிப்போச்சு," என்றார்.

டிரஸர் ஒரு கணம் விழித்தார். பிறகு எழுந்து நின்றார் பாருங்கள், துறையே அதிர்ந்தது.

"கண் தெரியேல்லையோ உமக்கு? நிக்கிற படகில வந்து மோதுறீர்! துரை என்ன சொன்னவர்? படகு மோதினால் மருந்து போடச் சொன்னவர். ஆர் படகு ஆரை மோதினது எண்டு கேட்டவரோ? உமக்குக் காயம் பட்டிருக்கும். காலை நீட்டும் காணும்!"

பாக் மாட் காலை நீட்டினார். முதல் முறையாக நாக்கைக் கேட்க மறந்து, டிரஸர் நேராகக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கட்டு முடியவில்லை, இன்னொரு டொம். சீனத்து அக்கா தொங்காங்கின் கயிற்றைத் தளர்த்திவிட்டு, வீட்டுக்காரரை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். அப்புறம் அன்னாசித் தோணி. அப்புறம் யார் யாரோ. சம்பான்கள் வரிசை கட்டிவிட்டன.

"ஒவ்வொருத்தரா மோதுங்கோ!" என்று டிரஸர் பெட்டிமேல் ஏறி நின்று கத்தினார். "தள்ளுப்படக் கூடாது! பிள்ளை வச்சிருக்கிறவை முதல்ல மோதட்டும்!"

முனையில் சாக்கைப் பிடித்தபடி, ஒவ்வொரு இடியையும் பூப்போல வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். வாய்பாடு வரவில்லை என்பதை வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கடைசியில் ஒரு மோட்டார் சத்தம். அதிகாரியின் படகு. பதினாறு உடனே திரும்பி வந்தது. மோட்டார் படகு மெள்ள மெள்ளப் பின்வாங்கி, எங்கள் வாலை, கதவு தட்டுகிற மாதிரி, ஒரு தட்டுத் தட்டியது. அதிகாரி ஆகாயத்தைப் பார்த்தார்.

"காற்று," என்றார்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. அவர் முகத்தில் எலுமிச்சை நிறம் பாதி போயிருந்தது. யாரும் கேட்காமலே நாக்கை நீட்டினார்.

அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் பாக் மாட்டின் புண் மூடிவிட்டது. கட்டில்லாத காலோடு துறைப் பலகைமேல் நடந்து வந்தார். மருந்து வாங்கப் போய்க்கொண்டிருந்த டிரஸரின் தோளில், தம் தோளால் நல்லதாக ஓர் இடி இடித்தார். "இது சும்மா," என்றார்.

பிறகு டிரஸரைப் பெக்கோக் பக்கம், கடல் வாடையே இல்லாத ஒரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவருக்கு ஒரு சைக்கிள் கொடுத்திருக்கிறார்களாம். பெக்கோக் ஜனங்கள் ஆரோக்கியமாக இருப்பார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

நான் இப்போது ஜொகூர் பாருவிலேயே குடியிருக்கிறேன். வயதாகிவிட்டது, வயிறு முன்னால் வந்துவிட்டது, சந்தைக் கூட்டத்தில் யாராவது வந்து மோதாமல் நடக்க முடிவதில்லை. மோதுகிறவர்களைத் திட்டத்தான் வாயைத் திறக்கிறேன். திறந்த வாயிலிருந்து முதலில் நாக்குத்தான் வெளியே வருகிறது.